வெள்ளிக்கிழமை விரால்

அத்தியாயம் 14

மெஹராஜ் வடமதுரையிலிருந்து பிறந்த வீட்டுக்கு வந்து எட்டு நாள் ஆயிற்று. புருஷன் முனீர் பூசியிருந்த அத்தர் குடலைப் புரட்டுகிறது என்று சொல்லி, அவனைக் கூடத்தில் போய்ப் படுக்கச் சொன்னாள் அல்லவா, அந்தக் கோபம் மாமியாருக்கு இன்னும் தணியவில்லை. ஏழாம் மாத அழைப்புக்கு அனுப்பி வைத்தார்களே தவிர, பஸ் ஏற்றிவிடக்கூட அந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை. அப்பா நைனா முகமதுதான் போய்க் கூட்டி வந்தார்.

வந்தவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. ஏழு மாதமாகியும் மசக்கை அவளை விட்டபாடில்லை. வெங்காயம் தாளித்தால் வாசலுக்கு ஓடுவாள். பால் பொங்கினால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். முந்தாநாள் புதுச் சோப்பு நாறுகிறது என்று குளிக்காமலே திரும்பி வந்தாள். 'எட்டுத் தெருவுக்கு மோப்பம் பிடிக்கிற மூக்கு' என்று அம்மா கமர்ஜஹான் கேலி செய்தாலும் உள்ளுக்குள் கவலைதான். பெண்ணின் கன்னம் ஒட்டிப் போயிருந்தது.

அப்படிப்பட்டவள் நேற்றுச் சாயந்திரம் தானாக வாய் திறந்து ஒன்று கேட்டாள். அதுவும் அம்மாவிடம் அல்ல.

"அத்தா, நீங்க தூண்டில்ல பிடிச்சுட்டு வார மீனு திங்கணும் போல இருக்கு."

வேலை முடிந்து வந்திருந்த நைனா முகமதுக்கு அப்போதே தலைகால் புரியவில்லை. மகளுக்கு விரால்தான் கொண்டு வருவேன், கெண்டை கெளுத்தியை எல்லாம் திரும்பிப் பார்க்கமாட்டேன் என்று சொல்லி, விளக்கு வைக்கும் முன்பே மண்புழு தோண்டப் போய்விட்டார். அடுப்படியில் நின்ற கமர்ஜஹானுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

ஏன் என்று சொல்லவேண்டும். ஆறு வருஷமாக அந்த வீட்டில் யாருக்கும் தெரியாமல் கமர்ஜஹான் ஒரு காரியம் செய்து வருகிறாள்.

நைனா முகமது பேகம்பூர்ப் பக்கம் தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் மேஸ்திரி. பச்சைத் தோல் வந்து இறங்குவதிலிருந்து சுண்ணாம்புக் குழி, ஆவாரம்பட்டைத் தொட்டி எல்லாம் கடந்து காய்ந்து கட்டாகிற வரைக்கும் அவர் கண்பார்வையில்தான் நடக்கும். இருபத்தைந்து வருஷமாக அந்தக் காற்றையே மூச்சாக இழுத்ததில் அவருடைய மூக்கு செத்துப் போயிற்று. பன்னீரும் ஒன்றுதான், அழுகின முட்டையும் ஒன்றுதான். ஆனால் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். சோறு அடிப்பிடித்து வீடெல்லாம் புகைந்த அன்றைக்குக்கூட, "ரெண்டு நாளா சளி பிடிச்சிருக்கு" என்றுதான் சொன்னார்.

வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு விடுமுறை. விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் மூங்கில் தூண்டிலை எடுத்துக்கொண்டு ஷாப்புகளுக்குப் பின்னால் இருக்கிற கருவேலங்குளத்துக்குப் போவார். மனிதருக்கு வேறு ஒரு பழக்கம் கிடையாது. பீடி இல்லை, சினிமா இல்லை. வாரத்தில் ஆறு நாள் பிறத்தியாரின் தோலோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அந்த ஒரு காலைப் பொழுதுதான் சொந்தம். பதினொரு மணிக்கு மீனைக் கொண்டுவந்து மனைவி கையில் கொடுத்துவிட்டுக் குளித்து ஜும்மாவுக்குப் போவார். திரும்பி வந்ததும் குழம்பு தயாராக இருக்கவேண்டும்.

அந்தக் குளத்துக்கு மழைத் தண்ணீர் வருவது எப்போதோ. ஷாப்புத் தண்ணீர் வருவது எப்போதும். கடுங்காப்பி நிறத்தில் கிடக்கும், ஓரமெல்லாம் நுரை கட்டி நிற்கும். போன ஐப்பசியில் சீனாக்காரனோடு சண்டை மூண்டதிலிருந்து பூட்ஸ் தோலுக்கு ஆர்டர் குவிந்து, குளம் இன்னும் கறுத்துப் போயிருந்தது.

மெஹராஜுக்குப் பதிமூன்று வயதிருக்கும்போது, அந்த மீனைத் தின்ற அன்று மாலையே வாந்தி ஆரம்பித்தது. நாலு நாள். கண் உள்ளே போய், நாக்கு உலர்ந்து, பிள்ளை பிழைப்பாளா என்றே சந்தேகமாகிவிட்டது. நைனா முகமது மாங்காய் தின்றதால் வந்தது என்று சாதித்தார். டாக்டர் கமர்ஜஹானைத் தனியாகக் கூப்பிட்டு, எந்தத் தண்ணீரில் பிடித்த மீன் என்று கேட்டார். சொன்னாள். எவ்வளவு கழுவினாலும், எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் கிருமிதான் சாகும், ஷாப்பு மருந்து மீனின் சதைக்குள் ஏறிவிட்டால் எந்த அடுப்பும் அதை எடுக்காது என்று அவர் விளக்கினார். அதிலும் சின்னப் பிள்ளைக்கும் வாயும் வயிறுமாக இருப்பவளுக்கும் அதைக் கண்ணிலேயே காட்டக்கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொல்லத்தான் நினைத்தாள். நீங்கள் பிடித்து வந்த மீன்தான் பிள்ளையை இப்படிப் போட்டது என்று எப்படிச் சொல்வது? நான்கு நாளும் மகளின் கால்மாட்டிலேயே உட்கார்ந்திருந்த மனிதர் அவர். அந்த முகத்தைப் பார்த்ததும் சொல்லாமலே அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் அவர்மேல் வைத்திருந்த பிரியம்தான் அவளுக்கு முதல் பொய்யைக் கற்றுக் கொடுத்தது.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து மாற்று வேலை தொடங்கியது. அவர் ஜும்மாவுக்குக் கிளம்பியதும் கொல்லைப் பக்கம் சைக்கிள் மணி அடிக்கும். மேட்டுப்பட்டி இஞ்ஞாசி. ஆத்தூர்ப் பக்கத்துக் கண்மாய் மீனை வாங்கி வந்து டவுனில் விற்கிறவன். குளத்து மீன் எலுமிச்சை மரத்தடியில் புதையும். கண்மாய் மீன் சட்டிக்குப் போகும். அவர் இரண்டு கெண்டை கொண்டு வந்தால் இவளும் இரண்டு கெண்டை வாங்குவாள். ஒருமுறை அவர் கொண்டு வந்தது கெண்டை, இஞ்ஞாசியிடம் இருந்ததோ கெளுத்தி. தட்டில் மீசையைப் பார்த்துத் திகைத்தவரிடம், காலையில் பிடித்த மீன் மத்தியானத்துக்குள் மறந்துபோகிற அளவுக்கு வயசாகிவிட்டதா என்று கமர்ஜஹான் கேட்டாள். பாவம், அன்றைக்கெல்லாம் அவர் கண்ணாடி முன்னால் நின்று தாடியில் நரை எண்ணிக்கொண்டிருந்தார்.

இந்த வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே வந்துவிட்டார். வாளியில் தண்ணீர், தண்ணீருக்குள் முழங்கை நீளத்துக்கு உயிரோடு ஒரு விரால். மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். எப்படிக் கவ்வியது, எப்படி இழுத்தது, தூண்டில் எப்படி வளைந்தது எல்லாவற்றையும் நடித்துக் காட்டினார். மெஹராஜ் வந்த நாளிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தாள். குளித்துவிட்டு ஜும்மாவுக்குக் கிளம்பும்போது, வந்ததும் தன் கையாலேயே முள் எடுத்து ஊட்டப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இஞ்ஞாசி வந்தான். கூடையில் நாலைந்து பொடிக் கெண்டைதான் கிடந்தது. தவக்காலம், வெள்ளிக்கிழமையில் கிறிஸ்தவர் வீடுகளில் கறி புழங்காது, மேட்டுப்பட்டியைத் தாண்டுவதற்குள் பெரிய மீனெல்லாம் போய்விட்டது என்று தலையைச் சொறிந்தான். முழங்கை நீள விராலுக்குப் பதில் பொடிக் கெண்டையை வைத்தால் எந்தப் பொய் தாங்கும்? விஷயத்தைக் கேட்டதும் அவன் கொஞ்சம் யோசித்தான்.

"எங்க வீட்டுக்குன்னு ஒரு விரா எடுத்து வச்சிருக்குக்கா. நீங்க போயி எம் பொஞ்சாதிகிட்ட நான் சொன்னேன்னு கேளுங்க. எங்களுக்குக் கத்திரிக்கா இருக்கு."

புளி வாங்கி வருவதாக மகளிடம் சொன்னாள் கமர்ஜஹான். மீனைத் தொடக்கூடாது, இந்த உடம்போடு அடுப்பு முன்னால் உட்காரக்கூடாது என்று இரண்டு தடவை சொன்னாள். துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தெருமுனையில் குதிரை வண்டி பிடித்தாள்.

போகும்போது வண்டி பறந்தது. திரும்பும்போது ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. மடியில் ஈரப் பையோடு உட்கார்ந்து, தண்டவாளத்தில் சாவகாசமாக முன்னும் பின்னும் நகர்கிற கூட்ஸ் வண்டியைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது. பள்ளிவாசலில் தொழுகை முடிந்திருக்கும். இந்நேரம் அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்.

வீட்டு வாசலில் இறங்கியபோதே மூக்கில் ஏறியது. புளியும் மிளகாயும் கொதிக்கிற வாசனை. அதற்கு அடியில், மறைக்க முடியாமல், ஊறின தோலின் வீச்சம். ஆறு வருஷத்துக்கு முன் அவள் வீட்டு அடுப்படியில் அடித்த அதே வீச்சம்.

நடந்தது இதுதான். அவள் வெளியே போன கொஞ்ச நேரத்தில் விரால் வாளியிலிருந்து எகிறித் தரையில் விழுந்து துடித்திருக்கிறது. மெஹராஜுக்கு மனசு கேட்கவில்லை. அம்மா எத்தனை வேலைதான் பார்ப்பாள், அத்தா வேறு பசியோடு வருவார் என்று, சாம்பல் போட்டு உரசி, நறுக்கி, மாங்காய் போட்டுக் குழம்பு வைத்துவிட்டாள். வயிற்றைத் தூக்கிக்கொண்டு அவ்வளவையும் செய்திருக்கிறாள்.

கமர்ஜஹான் உள்ளே நுழைந்தபோது அப்பனும் மகளும் பாயில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நைனா முகமது நடுத்துண்டு ஒன்றை எடுத்து முள் பார்த்துப் பார்த்துப் பிரித்து, சோற்றோடு உருட்டி, பிஸ்மி சொல்லி, மகளின் வாய்க்கு நேரே நீட்டியிருந்தார். மெஹராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"வேணாம். வாயில வைக்காத."

கமர்ஜஹான் கத்தவில்லை. ஆனால் அந்தக் குரலில் கை அப்படியே நின்றது.

"உப்புப் பாத்தியா? நாக்குல வச்சியா? சொல்லு."

"இல்லம்மா" என்றாள் மெஹராஜ். "பக்கத்துலயே போக முடியல. அத்தா வந்து பாக்கட்டும்னு விட்டுட்டேன்."

 கமர்ஜஹான் அங்கேயே பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் பை சரிந்தது; அதிலிருந்து இன்னொரு விராலின் தலை வெளியே நீட்டியது. நைனா முகமது அந்த மீனைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னாள். மகளுக்கு வந்த வாந்தி, டாக்டர் சொன்னது, இஞ்ஞாசியின் சைக்கிள் மணி, எலுமிச்சை மரத்தடி. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் பிடிச்ச மீனு ஒண்ணுகூட இந்த வீட்டுல யாரும் திங்கல."

"இல்லங்க."

"ஆறு வருஷமா என்னைய வச்சு வேடிக்கை பாத்திருக்க."

"வேடிக்கை பாக்கல. வெள்ளிக்கிழமையானா உங்க மூஞ்சியப் பாப்பேன். அது போயிருமேன்னு பயந்தேன்."

  அவர் கையில் இருந்த சோற்றுருண்டையைத் தட்டில் வைத்தார். மகள் பக்கம் திரும்பி, உனக்கு நாற்றம் தெரிந்ததா என்று மெல்லக் கேட்டார்.

மெஹராஜ் அழ ஆரம்பித்தாள். தெரிந்தது, அறுக்கும்போதே தெரிந்தது என்றாள். ஆனால் தனக்குத்தான் பால் நாறுகிறது, சோப்பு நாறுகிறது, கட்டின புருஷனே நாறினார். அதைச் சொல்லி அந்த வீட்டில் வாங்கிய பேச்சு போதாதா என்றாள்.

"இதையும் சொன்னா நீங்களும் சங்கடப்படுவீங்க. எம் மூக்குதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன் அத்தா. கண்ண மூடிட்டு முழுங்கிரலாம்னு இருந்தேன்."

மணம் தெரியாத அப்பா ஊட்ட வந்தார். மணம் தெரிந்த மகள் தன் மூக்கையே நம்பவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் அந்தக் குழம்பு ஒரு வாய் தூரத்துக்கு வந்துவிட்டது. கமர்ஜஹான் மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். இனிமேல் எது நாறினாலும் ஊரைக் கூட்டிச் சொல், மாப்பிள்ளையே நாறினாலும் சொல் என்றாள். மெஹராஜ் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

நைனா முகமது சிரிக்கவில்லை. குழம்புச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஷாப்பில் ஒரு தோலைக் கையில் எடுத்தால் எந்தக் குழியில் எத்தனை நாள் கிடந்தது என்று சொல்லிவிடுவார். அந்தப் பார்வைதான் இது. எதையோ பின்னோக்கி எண்ணிக்கொண்டு போனார்.

"கமரு, ஷாப்புல சுண்ணாம்புக் குழிய என்னைக்குக் கழுவி விடுவோம், தெரியுமா? வியாழக்கிழமை சாயந்தரம். மறுநா லீவு பாரு. அந்தத் தண்ணியக் குளத்துக்குத் தொறந்துவிட மதகுப் பலகையத் தூக்குறது நான்தேன். வேற யாரையும் தொட விடமாட்டேன்."

மகளின் தலையைக் கோதிக்கொண்டே கமர்ஜஹான் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமை விடியக்காலைல போனா மீனெல்லாம் மேலாக்க வந்து நிக்கும். வாயத் தொறந்து தொறந்து மூடும். மத்த நாளு உக்காந்தவன்லாம் வெறுங்கையோட போவான், எனக்கு மட்டும் மாட்டும். எங் கைராசின்னு நெனச்சேன்." தன் கையைப் பார்த்தார். "பசின்னு நெனச்சேன் கமரு. மூச்சு முட்டி வந்திருக்கு."

இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் கமர்ஜஹான் அவரை இப்படிப் பார்த்ததில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, மீன் ஒட்டியிருந்த அவருடைய வலது கையை எடுத்து, செம்புத் தண்ணீரை ஊற்றித் தானே கழுவிவிட்டாள். தெரிந்து செய்யவில்லையே என்றாள். 

கை கழுவி முடிந்ததும் அவர் சட்டென்று எழுந்தார். ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தான் மாறி மாறி விழுந்தது.

"இன்னைக்கு ரெண்டு விரா மாட்டுச்சு" என்றார். "சின்னத நம்ம சோலைமுத்துகிட்டக் குடுத்துட்டேன்."

சோலைமுத்து ஷாப்பில் அவருக்குக் கீழே சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை பார்க்கிறவன். அவன் மனைவிக்குப் பிள்ளை பிறந்து இன்றைக்கு ஒன்பதாவது நாள். பெற்ற உடம்பைத் தேற்ற விராலைவிட வேறு மருந்து இல்லை என்று மேஸ்திரியே வீடு தேடிப் போய்க் கொடுத்திருக்கிறார். பச்சைப்பிள்ளைக்குத் தாய்ப்பால் தவிர வேறு என்ன ஆகாரம்?

அவர் குனிந்து மனைவியின் ஈரப் பையை எடுத்தார். இஞ்ஞாசி வீட்டு விரால் அதில்தான் இருந்தது. மெஹராஜுக்கு அப்புறம் ஏதாவது வெஞ்சனம் செய்துகொள்ளலாம், இது அங்கே போகட்டும் என்றார்.

கமர்ஜஹான் மறுக்கவில்லை. ஆனால் என்னவென்று சொல்லி மாற்றுவார் என்று கேட்டாள். ஆறு வருஷம் மாற்றினவளுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். அவர், நடந்ததை நடந்தபடி சொல்லப்போவதாகச் சொன்னார். வியாழக்கிழமைத் தண்ணீரையும் மதகுப் பலகையையும் சேர்த்தே சொல்லப்போவதாகச் சொன்னார். கமர்ஜஹானின் மனம் ஷாப்புக்கு ஓடியது. சோலைமுத்து காதில் விழுந்தது நாளைக்கு ஷாப்பு முழுக்க விழும்; நாளன்றைக்கு முதலாளி வீட்டுக்குப் போகும். தன் ஷாப்புத் தண்ணீரை விஷம் என்று சொன்ன மேஸ்திரியை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? மகளின் பிரசவத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருக்கிறது.

 அவருக்கும் அது தெரிந்திருந்தது. ஒன்பது நாள் குழந்தை ஒன்று அங்கே பாலுக்கு அழுதுகொண்டிருக்கும்போது வேலையைப் பற்றி என்ன பேச்சு?

வாசல் வரைக்கும் போனவர் நின்றார். திரும்பாமலேயே பேசினார்.

"நீயும் கூட வா. அங்க சட்டி கொதிச்சுக்கிட்டு இருக்கும். நல்லாத்தானே மணக்குதுன்னு அவுக சொல்லிட்டா நான் என்னத்தச் சொல்ல? எனக்கு மணம் தெரியாது கமரு. தெரியாமப் போயி ரொம்ப வருஷமாச்சு."

கமர்ஜஹான் மகளிடம் கதவைத் தாழிட்டுக்கொள்ளச் சொன்னாள். குழம்புச் சட்டியைத் தூக்கிக் கொல்லையில் வைத்து மூடினாள். துப்பட்டியைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, அவர் கையிலிருந்த பையைத் தான் வாங்கிக்கொண்டு, அவருக்கு முன்னால் படியிறங்கி நடந்தாள்.